காவிகளுக்கிடையிலான உறவு: டென்சர் என்னும் கருத்தின் வரலாறும் தமிழிற் கணிதக் கல்வியும்

வெள்ளவத்தை நூற்பு நெசவாலையின் பெயர் இலங்கைத் தொழிலாளர் இயக்க வரலாற்றைப் பயில்வோர்க்கு நன்கு அறிமுகமானது. 1933 ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த வேலைநிறுத்தத்தின்போதே கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் தொழிற்சங்கத் தலைமைக்கு வந்தனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு முன்னரான பயிற்சிக் களங்களுள் ஒன்றாக அவ்வாலை அமைந்தது. ஆலை இன்று இல்லை. அது நின்ற நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்னும் உயர்மாடி வீட்டுத் தொகுதி எழுந்துள்ளது. இக்கட்டுரை அவ்வேலைநிறுத்தத்தைப் பற்றியதன்று. அத்தகைய ஆலைகளில் நெய்யப்படும் துணியைப் பற்றியது. செம்மையாகக் கூறுவதாயின், இழுத்துக் கட்டப்பட்ட துணியொன்றில் மறைந்துள்ள கணிதக் கருத்தொன்றையும், அது உருவான சமூகச் சூழலையும், தமிழ்வழிக் கல்வியில் அது எவ்விடத்தில் தடைப்பட்டு நின்றது என்பதையும் பற்றியது. கணிதம் எனது துறையன்று. ஆயினும் ஒரு கருத்தின் வரலாறு அக்கருத்தைக் கையாள்வோரின் தனிச்சொத்தாக இருத்தல் வேண்டும் என்ற நியதி இல்லை.

தறியில் விறைப்பாகக் கட்டப்பட்ட துணியை எண்ணிக்கொள்வோம். நீளவாக்கிற் செல்லும் பாவிழைகள் வலிந்து இழுபட்டுள்ளன. குறுக்கே ஓடும் ஊடையிழைகளின் இழுவிசை அதனிலும் குறைவு. ஓரங்குல அகலத்துப் பாவு 3 இறாத்தல் விசையோடும், ஓரங்குல அகலத்து ஊடை 1 இறாத்தல் விசையோடும் இழுபடுகின்றன எனக் கொள்வோம். இத்துணியில் ஓரங்குல நீளமான வெட்டொன்றை இட்டால், வெட்டின் விளிம்புகள் விலகாமற் பிடித்து வைப்பதற்கு எத்துணை விசை, எத்திசையில் வேண்டும்?

வெட்டு பாவுக்குக் குறுக்கே விழுமாயின் பாவிழைகள் மட்டுமே துணிபடும். வேண்டிய விசை 3 இறாத்தல், பாவின் திசையில். ஊடைக்குக் குறுக்கே விழுமாயின் 1 இறாத்தல், ஊடையின் திசையில். இவ்விரண்டிலும் வியப்பேதுமில்லை. வெட்டுச் சாய்வாக, 45 பாகையில் விழும்போதுதான் பொருள் சுவையாகின்றது. அவ்வெட்டு பாவிழைகளை மறிக்கும் அகலம் ஏறத்தாழ 0.71 அங்குலம்; ஊடையிழைகளை மறிப்பதும் அவ்வளவே. துணிபட்ட இழைகளை எண்ணினாற் போதும்: பாவின் திசையில் 2.12 இறாத்தலும் ஊடையின் திசையில் 0.71 இறாத்தலும் வேண்டும். இரண்டையும் சேர்த்தால் 2.24 இறாத்தல் விசை, பாவிலிருந்து 18 பாகை அளவே விலகிய திசையில். வெட்டுக்குச் செங்குத்தான திசையோ பாவிலிருந்து 45 பாகை விலகியது. வெட்டு நோக்குவது ஒரு திசை, விசை செல்வது வேறொரு திசை.

அளவும் திசையும் உடைய கணியத்தை ஈழத்துப் பாடநூல்கள் காவி என்கின்றன. தமிழகத்தார் திசையன் என்பர். வெட்டின் நிலையைக் குறிக்கும் செங்குத்து ஒரு காவி. விசை மற்றொரு காவி. முன்னதைக் கொடுத்தால் பின்னதைத் தரும் உறவு ஒன்று துணியின் ஒவ்வொரு புள்ளியிலும் உண்டு. அவ்வுறவு ஏனோதானோவென்று அமைந்ததன்று. கொடுக்கப்படும் காவியை இருமடங்காக்கினால் பெறப்படும் காவியும் இருமடங்காகும். இரு காவிகளைக் கூட்டிக் கொடுத்தால் அவை தனித்தனியே தந்திருக்கக்கூடிய காவிகளின் கூட்டே கிடைக்கும். இப்பண்பையே நேரியல் என்கிறோம். ஒரு காவியை ஏற்று இன்னொரு காவியைத் தரும் நேரியல் உறவுதான் இரண்டாம் வரிசை டென்சர் எனப்படுவது. அதற்கு மேலான மர்மம் எதுவும் அதில் இல்லை. பாவின் திசையிலும் ஊடையின் திசையிலும் உறவு என்ன செய்கின்றது என்பதை அறிந்தவர் எல்லாத் திசைகளிலும் அது என்ன செய்யும் என்பதை அறிந்தவராவார். ஏனைய திசைகள் யாவும் அவ்விரண்டின் கலப்பு என்பதும், உறவு கலப்பைக் குலைப்பதில்லை என்பதுமே காரணம்.

இவ்வுறவை எண்களால் எழுதலாம். பாவையும் ஊடையையும் அச்சுகளாகக் கொண்டால், முதல் வரிசையில் 3, 0. இரண்டாம் வரிசையில் 0, 1. நம் பாடநூல்கள் தாயம் என்று பெயரிட்டுள்ள சதுரப் பட்டியல் இது. ஆனால் துணியை அப்படியே வைத்துவிட்டு, அச்சுகளை 45 பாகை திருப்பினால், அதே துணிக்குரிய அதே உறவு 2, 1. 1, 2 என்று எழுதப்படும். ஓர் எண்ணேனும் தன் இடத்தில் நிற்கவில்லை. நூலிழை ஒன்றேனும் அசையவுமில்லை. மூலைவாட்டிலுள்ள எண்களின் கூட்டு இரண்டு பட்டியல்களிலும் 4 ஆகவே இருத்தலும், துணிகோவையின் பெறுமானம் 3 ஆகவே இருத்தலும் உள்ளே ஏதோ ஒன்று மாறாதிருப்பதை உணர்த்தும் அடையாளங்கள். மாறாதிருப்பது உறவு. எண்கள் நாம் நின்று பார்க்கும் இடத்தைப் பொறுத்த அதன் தோற்றங்கள்.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. ‘மரம் வெட்டினான்’ என்னும் தொடரில் இரண்டாம் வேற்றுமை உருபு இல்லை. ஆனால் மரத்துக்கும் வெட்டுதலுக்கும் இடையிலான உறவு முழுமையாக உள்ளது. தொகையை விரித்து எழுதும்போது ‘ஐ’ வெளிப்படுகின்றது. உருபை உறவின் அடையாளமாகக் கொண்டவர்களே வேற்றுமைத்தொகை என்ற பிரிவை வகுத்திருக்க முடியும். உருபையே உறவாகக் கொண்டிருந்தால் தொகைக்கு அங்கு இடமே இராது. பட்டியலுக்கும் டென்சருக்கும் உள்ள தொடர்பு ஏறத்தாழ இத்தகையதே. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்க வேண்டியதில்லை.

இக்கருத்து எங்கிருந்து எழுந்தது? கணித வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மேதைகளின் வரிசையாக இதனைச் சொல்வன. ஆனால் பொருட்களின் உள்ளே விசைகள் எவ்வாறு பரவுகின்றன என்ற வினா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரான்சில் உயிர்ப்பிரச்சினையாக எழுந்தமைக்குக் கால்வாய்களும் துறைமுகங்களும் இரும்புப் பாலங்களுமே காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. அகுஸ்தீன் லூயி கோஷி பொறியியலாளராகவே பயிற்சி பெற்றவர். ஊர்க் கால்வாய் வேலையிலும், நெப்போலியன் கட்டுவித்த செர்பூர் கடற்படைத் துறைமுக வேலையிலும் இளமையிற் பணியாற்றியவர். பாலங்களையும் பாதைகளையும் அமைக்கும் பொறியியற் கல்லூரியோடு தொடர்புடைய நவியே 1821 இல் நெகிழ்பொருட்களின் சமன்பாடுகளை முன்வைத்தார். அதற்கு அடுத்த ஆண்டு, 1822 செப்டெம்பரில், கோஷி தமது முடிபைப் பரிசு அறிவியற் கழகத்துக்கு அறிவித்தார். பொருளின் உள்ளே ஒரு புள்ளியில் எத்தளத்தை எண்ணினும், அத்தளத்தின் மீது தொழிற்படும் தகைப்பு தளத்தின் செங்குத்தோடு நேரியல் உறவில் உள்ளது என்பதே அம்முடிபு.

அதனை அவர் நிறுவிய முறை எளிமையானது. பொருளின் உள்ளே மிகச் சிறிய நான்முகி ஒன்றை எண்ணுக. அதன் மூன்று முகங்கள் அச்சுகளுக்குச் செங்குத்தானவை, நான்காவது சாய்ந்தது. முகங்களின் மீதான விசைகள் பரப்பைப் பொறுத்தவை. புவியீர்ப்பு முதலியன கனவளவைப் பொறுத்தவை. நான்முகியைச் சிறிதாக்கச் சிறிதாக்கக் கனவளவு பரப்பைவிட விரைந்து ஒடுங்கும். ஈற்றில் முகங்களின் விசைகள் தமக்குள்ளேயே ஈடுசெய்துகொள்ள வேண்டியனவாகின்றன. ஆகவே சாய்ந்த முகத்தின் விசை ஏனைய மூன்று முகங்களின் விசைகளால் முற்றாகத் தீர்மானிக்கப்படுகின்றது. சாய்ந்த வெட்டிற் பாவிழைகளையும் ஊடையிழைகளையும் தனித்தனியே எண்ணிக் கூட்டினோமே, அதே தருக்கம்தான் மூன்று பரிமாணங்களில், இழைகள் இல்லாத கல்லுக்கும் இரும்புக்கும் விரிவாக்கப்பட்டுள்ளது. இங்கு மனங்கொள்ள வேண்டியது யாதெனில், கோஷியிடம் உறவே முதலில் வந்தது. ஒன்பது எண்களின் பட்டியல் அவ்வுறவைக் கணக்கிடுவதற்குத் தேவைப்பட்டமையால் வந்தது.

கோஷி அரசியலிற் கடும் பிற்போக்காளர். போர்பன் முடியாட்சியின் பற்றாளர். 1830 ஜூலைப் புரட்சியின் பின் புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து நாட்டைவிட்டு நீங்கியவர். பால்சாக்கின் முடியாட்சிப் பற்றையும் மீறி அவரது நாவல்களில் யதார்த்தம் வென்றமையை 1888 இல் மார்கரெட் ஹார்க்னஸுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் சுட்டிக்காட்டியது இலக்கிய மாணவர் அறிந்ததே. கணிதத்துக்கு அக்கூற்றை அப்படியே பொருத்துதல் இயலாது. ஆயினும், பாலத்தின் எடையைத் தாங்கும் இரும்பு, அதனைக் கணிப்பவர் எவ்வரசருக்குப் பணிபவர் என்று கேட்பதில்லை என்ற அளவில் இரண்டுக்கும் ஓர் உறவு உண்டு.

பெயர் வந்த வரலாறு வேறு. டென்சர் என்னும் சொல் இழுத்தல், நீட்டுதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. வில்லியம் றோவன் ஹமில்ற்றன் 1843 இல் நாற்கூற்றெண்களைக் கண்டறிந்ததையடுத்து அச்சொல்லை வேறு பொருளில், அதாவது பருமனைக் குறிக்கவே ஆண்டார். நாம் இன்று காவி என்றும் எண்ணி என்றும் தமிழிலே சொல்லும் இரு கணியங்களுக்கும் ஆங்கிலத்தில் உள்ள பெயர்கள் அவர் வழிவந்தவையே. டென்சர் என்பதை இன்றைய பொருளில் நிலைநிறுத்தியவர் ஜேர்மானியப் பௌதிகவியலாளரான வோல்டெமார் ஃபோக்ட். பளிங்குகளின் பண்புகள் பற்றிய 1898 ஆம் ஆண்டு நூலில் அவர் அதனைக் கையாண்டார். இழுபட்ட பொருளின் தகைப்பை விளக்க எழுந்த கருத்து இழுத்தல் என்னும் பெயரையே பெற்றதில் நியாயம் உண்டு.

இதற்கிடையில் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசையா வில்லாட் கிப்ஸ் தம் மாணவர்க்கென 1881 இலும் 1884 இலும் அச்சிட்டு வழங்கிய சிறு நூலில், காவியைக் காவியாக மாற்றும் நேரியற் சார்பு என்றே இதனை அணுகினார். 1901 இல் அவரது மாணவர் எட்வின் வில்சன் அவ்விரிவுரைகளை நூலாக்கினார். ஏறத்தாழ அதே காலத்தில், 1900 இல், இத்தாலியரான கிரெகோரியோ ரிச்சியும் துல்லியோ லெவி சிவித்தாவும் வேறொரு நெறியை முழுமைப்படுத்தினர். அவர்கள் நெறியில் டென்சர் என்பது எண்களின் தொகுதி. அச்சுகள் மாறும்போது இன்ன விதிப்படி மாறும் தொகுதி. 1913 இல் மார்செல் குறொஸ்மானின் துணையோடு ஐன்ஸ்ரைன் இக்கருவியைக் கையிலெடுத்தார். 1915 நவம்பரிற் பொதுச் சார்பியற் கோட்பாடு முழுவடிவம் பெற்றது. அவ்வெற்றியின் பின் ரிச்சியின் நெறி பாடநூல்களின் நெறியாயிற்று. ‘இவ்வாறு மாறுவது எதுவோ அதுவே டென்சர்’ என்ற வரைவிலக்கணத்தைத் தலைமுறை தலைமுறையாக மாணவர் மனனஞ் செய்தனர்.

ரிச்சியின் நெறியைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. வளைந்த வெளியில் உண்மையான கணக்கைச் செய்து முடிக்க அது இன்றியமையாதது. பட்டியலின்றி வெறும் உறவை வியந்துகொண்டிருப்பவரால் ஒரு பாலத்தையும் கட்ட முடியாது. ஆனால் கணக்கிடும் கருவி கற்பிக்கும் வரைவிலக்கணமாக மாறியபோது தலைகீழ் மாற்றம் ஒன்று நிகழ்ந்தது. எண்கள் முதன்மை பெற்றன. அவற்றுக்குக் காரணமான உறவு, அவை பின்பற்றும் மாற்றவிதியாகச் சுருங்கிற்று.

மார்க்ஸின் கணிதக் கையெழுத்துப்படிகள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. 1968 இல் மொஸ்கோவிலும் 1983 இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக இலண்டனிலும் வெளியான அக்குறிப்புகள் டென்சரைப் பற்றியனவல்ல. நுண்கணிதத்தின் பெறுதியைப் பற்றியன. பெறுதியின் குறியீடு ஒரு செய்முறையின் விளைவாகத் தோன்றிப் பின் தானே ஒரு செயலுக்குரிய கட்டளையாக மாறுவதை அவர் அங்கு ஆராய்கின்றார். குறியீட்டை மாயப் பொருளாகக் காணாது, அது சுட்டும் செயலைக் காண வேண்டும் என்பதே அவர் அக்கறை. மனிதரிடையேயான உறவு பொருட்களின் பண்பாகத் தோற்றம் தருவதை ‘மூலதனம்’ நூலின் முதல் அதிகாரத்தில் விளக்கியவருக்கு இவ்வக்கறை இயல்பானதே. ஆயின் பண்டத்தின் மாயையையும் பட்டியலின் மாயையையும் ஒன்றாக்கிவிடுதல் இயந்திரகதியான பொருத்தப்பாடாகும். முன்னதற்குச் சுரண்டல் அடிப்படை. பின்னதற்குப் பெரும்பாலும் பரீட்சை.

உறவே பொருள் என்பதைப் பரிசோதனைச் சாலையிற் கண்முன் நிறுத்திய ஒருவர் தமிழகத்தவர் என்பது நம்மவர் போதியளவு கவனியாத செய்தி. வத்திராயிருப்பில் 1898 இற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், இராமன் விளைவின் கண்டுபிடிப்பில் துணைநின்றவர் என்றே பரவலாக அறியப்படுகிறார். அவரது தனிப்பெரும் பணி அதன் பின்னர், 1928 இலிருந்து டாக்காப் பல்கலைக்கழகத்திலும் 1933 இலிருந்து கல்கத்தாவிலும் நிகழ்ந்தது. பளிங்கொன்றைக் காந்தப் புலத்தில் வைத்தால் அது சிறிதளவு காந்தமாகும். புலம் ஒரு காவி. காந்தமாக்கம் மற்றொரு காவி. இரண்டையும் இணைப்பது இரண்டாம் வரிசை டென்சர். கண்ணாடி போன்ற எல்லாத் திசையும் ஒத்த பொருளில் இவ்விரு காவிகளும் ஒரே கோட்டில் அமையும். பளிங்கில் அவ்வாறன்று. புலம் ஒரு திசையில் இருக்கக் காந்தமாக்கம் சற்று விலகிய திசையில் எழும். அவ்விலகலே பளிங்கை முறுக்கும் இணையைப் பிறப்பிக்கின்றது. இரண்டும் ஒரே கோட்டில் இருந்தால் முறுக்கம் இல்லை. எனவே முறுக்கத்தை அளப்பவர் உறவின் திசைபேதத்தையே நேரடியாக அளக்கிறார்.

கிருஷ்ணன் கையாண்ட முறையின் எளிமை வியக்கத்தக்கது. சிறு பளிங்கொன்றை மெல்லிய குவாட்சு இழையில் தொங்கவிட்டு, சீரான காந்தப் புலத்தினிடையே நிறுத்துவர். இழையின் மேல்நுனியை மெதுவாகத் திருப்பிக்கொண்டே செல்வர். புலம் பளிங்கைப் பிடித்துவைக்க முயலும். இழை அதனைத் திருப்ப முயலும். புலத்தின் பிடி பளிங்கு 45 பாகை திரும்பும்போது உச்சத்தை அடைந்து, அதற்கப்பால் தளரத் தொடங்கும். அந்த எல்லையைச் சற்றுத் தாண்டியதும் பளிங்கு சட்டெனச் சுழன்றுவிடும். மேல்நுனி எத்தனை பாகை திருப்பப்பட்டிருந்தது என்பதிலிருந்து, டென்சரின் இரு முதன்மைத் திசைகளுக்குரிய பெறுமானங்களின் வேறுபாடு கிடைக்கும். குகா, பானர்ஜி ஆகியோருடன் 1933 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் ஏட்டில் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் ஓர் அடிப்படை ஆக்கமாகும். நப்தலீன் போன்ற பளிங்குகளினுள் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதை இவ்வளவீடுகளிலிருந்து உய்த்துணர முடிந்தது. 1936 இல் கத்லீன் லொன்ஸ்டேலோடு இணைந்தும் அவர் இப்பொருள் பற்றி எழுதினார்.

அவர் ஆராய்ந்த பொருட்களுள் காரீயமும் ஒன்று. காரீயத்தின் படைகளுக்குச் செங்குத்தான திசையில் அதன் காந்த ஏற்புத்தன்மை, படையின் வழியே உள்ளதைவிடப் பல பத்து மடங்கு அதிகம். தறித்துணியில் 3 என்றும் 1 என்றும் நாம் வைத்துக்கொண்ட வேறுபாடு இங்கு இயற்கையிலேயே பெருகிக் கிடக்கிறது. இலங்கையின் காரீயம், கஹட்டகஹ, போகல முதலிய சுரங்கங்களிலிருந்து உலகெங்கும் சென்றது. கொழும்பின் கொட்டில்களில் பெண்கள் அதனைத் தரம் பிரித்தனர். மேனாட்டு உலோக ஆலைகளுக்கு மூசைகள் செய்ய அது ஏற்றுமதியாயிற்று. இப்பண்டத்தின் உள்ளமைப்பைப் பற்றிய அறிவு இந்நாட்டில் உருவாகவில்லை என்றால், அதற்கு இந்நாட்டவரின் அறிவுக்குறைவைக் காரணங்காட்டுவோர் குடியேற்றப் பொருளாதாரத்தை அறியாதவர்.

இலங்கைத் தமிழரிடையே கணிதத்தைத் தமிழிற் சொல்லும் முயற்சி நீண்ட வரலாறு உடையது. வட்டுக்கோட்டைச் செமினறியின் மரபில் வந்த கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் ‘வீசகணிதம்’ என்னும் நூலை வெளியிட்டார். அதே காலத்தில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். காரைதீவிற் பிறந்து விஞ்ஞானப் பட்டமும் பெற்ற விபுலானந்த அடிகள் 1930களிற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். தாய்மொழிக் கல்வி மேல்வகுப்புகளுக்கு உயர்ந்துசென்ற 1950களிலும் அதன் பின்னரும் அரசகரும மொழித் திணைக்களம் துறைவாரியாகச் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இன்று எம் மாணவர் வழங்கும் காவி, எண்ணி, தாயம், தகைப்பு, விகாரம், பெறுதி முதலியன அம்மரபின் சொற்கள். தமிழகத்தின் திசையன், அணி, தகைவு, திரிபு, வகைக்கெழு ஆகியவற்றோடு இவற்றை ஒப்புநோக்கி எது தூயது என்று வாதிடுவோர் உளர். அவ்வாதத்திற் காலங்கழிப்பது பயனற்றது. எனினும் காவி என்னும் சொல்லின் பொருத்தம் தனியே குறிப்பிடத்தக்கது. மூலமான இலத்தீன் சொல் சுமந்து செல்வது என்று பொருள்படும். காவுதல் என்னும் வினை தமிழகப் பேச்சில் அருகிவிட்டபோதிலும் யாழ்ப்பாணத்தில் இன்றும் அன்றாட வழக்கு. தண்ணீர்க் குடத்தையும் காவுவர், பிள்ளையையும் காவுவர். திசையன் என்பது கணியத்தின் பண்பைச் சொல்கிறது. காவி அதன் செயலைச் சொல்கிறது.

ஆனால் சொற்றொகுதிகள் தம் இயல்பினால் பெயர்ச்சொற்களின் பட்டியல்கள். உறவுகளோ வினைகளிலும் வாக்கியங்களிலும் வாழ்வன. காவி தமிழில் வந்தது, தாயமும் வந்தது. காவியைக் காவியாக மாற்றும் செயலே தாயத்தின் உயிர் என்பதைச் சொல்லும் வாக்கியம் வரவில்லை. சாதாரண தர வகுப்பில் தாயங்களைக் கூட்டவும் பெருக்கவும் மாணவர் பழகுகின்றனர். ஏன் அவ்வாறு பெருக்கவேண்டும் என்பது சொல்லப்படுவது அரிது. ஒன்றன்பின் ஒன்றாக இரு உறவுகளைச் செயற்படுத்துவதே பெருக்கல் என்பது ஒரு வாக்கியத்திற் சொல்லக்கூடியது. உயர்தரத்திற் காவிகள் வருகின்றன. டென்சர் பல்கலைக்கழகத்துக்கு உரியது. இலங்கைப் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான, பொறியியற் பீடங்களிற் பயிற்றுமொழி ஆங்கிலம். எனவே மொழி மாறும் வாசற்படியும், காவியிலிருந்து காவிகளுக்கிடையிலான உறவுக்கு ஏறும் வாசற்படியும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. ஆங்கிலத்தில் வளர்ந்த வீட்டுப் பிள்ளை ஒரு படியை ஏற, தமிழிற் பயின்ற பிள்ளை இரண்டு படிகளை ஒரே கணத்தில் ஏறவேண்டியுள்ளது. தோல்வியுறும்போது அவருக்குக் கணிதம் வராது என்று தீர்ப்பளிக்கப்படுகின்றது. 1970களின் தரப்படுத்தலால் வாசலிலேயே தடுக்கப்பட்டோரைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. வாசலைக் கடந்தபின் விழுந்தோரைப் பற்றி எழுதியோர் குறைவு.

சி. ஜே. எலியேசரின் வாழ்வு இப்பகைப்புலத்தில் நோக்கத்தக்கது. 1918 இற் பிறந்த அவர் கொழும்பிலும் பின் கேம்பிறிட்ஜில் டிராக்கின் வழிகாட்டலிலும் பயின்று, மின்னணுவின் இயக்கம் பற்றி ஆராய்ந்தவர்; 1949 இல், முப்பத்தொரு வயதளவில், கொழும்பிற் கணிதப் பேராசிரியரானார். 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறிற்று. 1958 இல் இனக்கலவரம் நிகழ்ந்தது. 1959 இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பின்னர் 1968 இல் மெல்போணின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் இணைந்து, 2001 இல் மறைந்தார். தனிமனிதர் ஒருவரின் புறப்பாட்டுக்கு ஒற்றைக் காரணம் கற்பிப்பது ஆய்வுநெறியாகாது. ஆயினும் காவிப் பகுப்பியல் பற்றி அவர் மாணவர்க்கென எழுதிய சுருக்கமான நூல் 1963 இல் பெர்கமன் நிறுவனத்தால் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது என்பதும், பின்னர் அமெரிக்காவில் டோவர் நிறுவனம் அதனை மறுபதிப்பித்தது என்பதும் உண்மைகள். ஈழத் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரின் நூல் உலகின் மாணவரைச் சென்றடைந்த அதே பதினாண்டில், அவர் பிறந்த மண்ணின் மாணவர் காவி என்னும் சொல்லைத் தமிழிற் பயிலத் தொடங்கியிருந்தனர். இரு நிகழ்வுகளும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

டென்சருக்குத் தமிழ்ச்சொல் யாது என்று கேட்கப்படுவதுண்டு. இழுவையை வைத்து ஒரு சொல்லை ஆக்குவது கடினமன்று. யான் அதனைச் செய்யப்போவதில்லை. சொல்லை விடுத்து வாக்கியத்தைத் தேடுவதே முதற்கடமை என்று கருதுகின்றேன். உயர்தரத்துக்கான தனியார் வகுப்புகள் மலிந்த வெள்ளவத்தையில், பொறியியற் பீடத்து முதலாண்டு மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். ஆங்கிலத்தில் எழுதவேண்டிய பரீட்சை அண்மித்திருந்தது. தகைப்பு டென்சர் என்ற தலைப்பின் கீழ் ஒன்பது கட்டங்களும், அச்சுகள் திரும்பும்போது அவை மாறும் நீண்ட விதியும் இருந்தன. விதி அவருக்கு மனப்பாடம். இது என்ன செய்யும் என்று கேட்டேன்; மாறும் என்றார். வீட்டில் உலர்ந்துகொண்டிருந்த சாரம் ஒன்றை எடுத்து, இருவரும் இரு முனைகளையும் பிடித்து முதலில் இழைவழியேயும் பின் மூலைவாட்டிலும் இழுத்துப் பார்த்தோம். மூலைவாட்டில் துணி கோணிக்கொண்டு போயிற்று. பாவையும் ஊடையையும் வைத்துச் சாய்ந்த வெட்டின் கணக்கை அவரே போட்டார். முடிந்ததும், ஒன்பது கட்டங்களின் கீழே, ஆங்கிலக் குறிப்புகளின் நடுவில், தமிழில் ஒரு வரி எழுதிக்கொண்டார்: ‘வெட்டின் திசையைக் கொடுத்தால் விசையைத் தரும்.’